தினமும் பேக்கப் எடுக்கிறேன், அப்டேட் பட்டனை அழுத்தலாமா?

பிப்ரவரி 4, இரவு 9.10 – கேள்வி

எட்டு வருடமாக ஒரு தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். உறுப்பினர்கள் உள்ளே வந்து எழுதுகிறார்கள், படம் ஏற்றுகிறார்கள். நான்கு லட்சம் பதிவு, முப்பதாயிரம் படம். மென்பொருள் நிறுவிய நாளில் இருந்த அதே பதிப்புதான் இன்னும். தளம் ஓடும் நிரல்மொழி பிஎச்பி 5.6, தரவை வைக்கும் டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் 5.5. சர்வர் தருகிறவர்கள் பழைய பிஎச்பியை எடுத்துவிடப் போவதாக எழுதிவிட்டார்கள். என் திட்டம் எளிது. தினமும் இரவில் பேக்கப் தானாக எடுக்கிறது. ஞாயிறு இரவு கூட்டம் குறைந்ததும் அப்டேட் பட்டனை அழுத்துவேன். சொதப்பினால் பேக்கப்பைத் திருப்பிப் போட்டுவிடுவேன். இதில் எதையாவது கவனிக்காமல் விட்டிருக்கிறேனா? கூட இருப்பவர் ஒருவர், ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்துகிறாய் என்கிறார்.

பிப்ரவரி 4, இரவு 11.35 – பதில்

அந்தப் பேக்கப்பை எப்போதாவது வேறு இடத்தில் ஏற்றி, தளத்தைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? இல்லை என்றால் உங்களிடம் பேக்கப் இருக்கிறது என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. இந்த ஞாயிறு வேண்டாம். காரணத்தை நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 5, காலை 7.20

எனக்கு நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

என் தளத்திலும் தினமும் பேக்கப் ஓடியது. டேட்டாபேஸை டம்ப் எடுத்து (முழுவதையும் ஒரே கோப்பாக எழுதி), ஜிஜிப் என்ற கருவியில் சுருக்கி, தேதி போட்ட கோப்பாக வைக்கும். ஃபோல்டரைத் திறந்தால் கோப்புகள் தேதி வாரியாக நிற்கும், பார்க்கவே நிம்மதியாக இருக்கும். ஒருநாள் இடம் போதவில்லை என்று பழையதை அழிக்க உட்கார்ந்தபோதுதான் அளவைக் கவனித்தேன். கடைசி 11 வாரத்துக் கோப்புகள் ஒவ்வொன்றும் 20 பைட். மெகாபைட் இல்லை, வெறும் 20 பைட்.

பதினோரு வாரம் முன்னால் டேட்டாபேஸ் கடவுச்சொல்லை மாற்றியிருந்தேன். பேக்கப் ஸ்கிரிப்டில் மாற்ற மறந்துவிட்டேன். டம்ப் உள்ளே நுழைய முடியாமல் நின்றுவிட்டது. ஜிஜிப் மட்டும் தன் வேலையைச் செய்து, வராத தரவை ஒழுங்காகச் சுருக்கி வைத்திருக்கிறது. உள்ளே ஒன்றுமே இல்லாததைச் சுருக்கினால் தலைப்பும் வாலும் சேர்ந்து சரியாக 20 பைட் வரும். இரண்டு கட்டளைகளைக் குழாய் போட்டு இணைத்தால், கடைசிக் கட்டளை முடிந்தாலே, கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்கு அது வெற்றிதான். அதனால் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. ஸ்கிரிப்டின் தலையில் 'பைப்ஃபெயில்' அமைப்பை (குழாயில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்வது) போட்டிருந்தால் முதல் இரவே தெரிந்திருக்கும்.

அந்த 11 வாரத்தில் டிஸ்க் போகவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு அது ஒன்றுதான் காரணம்.

இன்றே உங்கள் ஃபோல்டருக்குப் போய் அளவைப் பாருங்கள். நேற்றைய கோப்பை விரித்து அடிக்குப் போங்கள். மைஎஸ்க்யூஎல் டம்ப் முழுதாக முடிந்திருந்தால் கடைசி வரியில் முடிந்த தேதியும் நேரமும் எழுதியிருக்கும். பாதியில் செத்த டம்பில் அந்த வரி இருக்காது.

பிப்ரவரி 5, இரவு 10.15

காலையில் எழுதியதைப் படித்துவிட்டு, சின்னத் தளத்தில்தான் இப்படி நடக்கும் என்று யாராவது நினைக்கலாம். நிரல்களைச் சேமித்துவைக்கும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 அன்று நடந்தது இதைவிடப் பெரிது. இரவில் களைத்துப்போயிருந்த ஒரு பொறியாளர், தவறான சர்வரில் இருந்துகொண்டு டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிக்கத் தொடங்கிவிட்டார். நிறுத்துவதற்குள் 300 ஜிபியில் சுமார் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப் இருக்கிறதே என்று தேடினால் அந்த இடம் காலி. அவர்களுடைய டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸை 9.6க்கு உயர்த்தியிருந்தார்கள். டம்ப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பாகவே ஓடிக்கொண்டிருந்தது. பதிப்பு பொருந்தாததால் அது ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களை, அனுப்பியவர் சரிபார்க்கப்படவில்லை என்று அஞ்சல் சர்வர் தள்ளிவிட்டது. கடைசியில் காப்பாற்றியது, வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்னால் கையால் எடுத்துவைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நகல். அந்த ஆறு மணி நேரத்துத் தரவு போனது போனதுதான்.

இதையெல்லாம் அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அதைப் படித்துத்தான் நான் இந்த விஷயத்தில் திருந்தினேன். அந்த பேக்கப் கெட்டதற்கே ஒரு அப்டேட்தான் காரணம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். பதிப்பை மாற்றிய மறுநாள் பேக்கப்பையும் திரும்பச் சோதிக்க வேண்டும்.

பிப்ரவரி 6, மதியம் 1.05

ஓடுகிற வண்டி விஷயம். உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. காரணம் இல்லாமல், புதிதாக வந்துவிட்டது என்பதற்காக மாற்றக்கூடாது. உங்களுக்குக் காரணம் இருக்கிறது. பிஎச்பி 5.6க்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2018 டிசம்பரோடு நின்றுவிட்டது. ஓட்டை தெரிந்து, அதை அடைக்கும் திருத்தமும் வந்த பிறகு போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸ் போதும். அவர்கள் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளுக்கு 2017 மார்ச்சில் திருத்தம் வந்துவிட்டது. மே மாதம் அதே ஓட்டை வழியாக நுழைந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் போனது.

இன்னொன்று. ஒவ்வொரு பதிப்பாக ஏறியிருந்தால் ஒவ்வொன்றும் சின்னப் படி. எட்டு வருடத்தை ஒரே தாவாகத் தாவுவதால்தான் இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 8, இரவு 8.50 – கேள்வி கேட்டவர்

கோப்பு முழுதாகத்தான் இருந்தது. வாடகைக்கு ஒரு தனி சர்வர் எடுத்து ஏற்றிப் பார்த்தேன். டம்ப் எடுக்க 20 நிமிடம், ஏற்ற 2 மணி 40 நிமிடம். எழுத்தெல்லாம் வந்தது. படம் ஒன்றுகூட வரவில்லை.

பிப்ரவரி 8, இரவு 10.30

படங்கள் டேட்டாபேஸில் இல்லை, டிஸ்கில் தனி ஃபோல்டரில் இருக்கின்றன. எட்டு வருடமாக அந்த ஃபோல்டருக்கு பேக்கப்பே இல்லை என்று அர்த்தம். முதலில் அதை எடுத்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

கூடவே எடுக்க வேண்டியவை: அமைப்புக் கோப்பு, அதிலுள்ள ரகசியச் சாவி, நீங்கள் கையால் திருத்திய தீம், கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கருவி) போட்டிருக்கும் வேலைகள், வெப் சர்வரின் அமைப்பு. எதை எப்போது மாற்றினோம் என்று எட்டு வருடம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

ஏற்றுவதற்கு எடுப்பதைப்போல எட்டு மடங்கு நேரம் ஆனதைக் கவனித்தீர்களா? எடுக்கும்போது வரிசையாகப் படிக்கிறது. ஏற்றும்போது ஒவ்வொரு இண்டெக்ஸையும் (வேகமாகத் தேடுவதற்கான அட்டவணை) புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது. அந்த 2.40ஐக் குறித்து வையுங்கள். சொதப்பினால் திருப்பிப் போட்டுவிடுவேன் என்ற உங்கள் வரிக்குள் அவ்வளவு நேரம் ஒளிந்திருக்கிறது.

தனி சர்வர் எடுத்தது நல்லது. என் யோசனையும் இப்போது மாறிவிட்டது. ஓடுகிற சர்வரிலேயே மாற்ற வேண்டாம். புதியதைப் பக்கத்தில் கட்டுங்கள், பழையதைத் தொடாதீர்கள். அப்படிச் செய்தால் திரும்பி வருவதற்கு மறுபடி எதையும் ஏற்ற வேண்டாம், பழைய கதவைத் திறந்தால் போதும். மைஎஸ்க்யூஎல் 5.5ஐ இருந்த இடத்திலேயே ஒரே தாவாக 8.0க்குக் கொண்டுபோகவும் முடியாது, 5.6, 5.7 என்று ஏற வேண்டும். 8.0க்குப் போன டேட்டாபேஸை 5.7க்கு இறக்கவும் முடியாது.

பிப்ரவரி 9, காலை 6.45

அவசரம். அந்தச் சோதனை நகலில் மின்னஞ்சல் அனுப்பும் வசதியையும் கிரானையும் இப்போதே நிறுத்துங்கள்.

என் முதல் சோதனை நகல், உண்மையான உறுப்பினர் பட்டியலோடு எழுந்து, தன்னை உண்மையான தளம் என்றே நினைத்துக்கொண்டது. வாராந்தரத் தொகுப்பு அனுப்பும் கிரான் வேலை அதிலும் ஓடி, ஒவ்வொருவருக்கும் இரண்டாவது கடிதம் போனது. அதில் இருந்த இணைப்புகள் சோதனை முகவரிக்குப் போயின. சிலர் அங்கே நுழைந்து பதில் எழுதிவிட்டார்கள். கை வலிக்க எழுதிய நீண்ட பதில்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, உண்மையான தளத்தில் போட்டேன்.

நகலுக்குக் கடவுச்சொல் பூட்டும் போடுங்கள். உறுப்பினர்களின் முகவரி உள்ளே இருக்கிறது.

பிப்ரவரி 11, இரவு 11.50

இன்றைக்கு எழுதுவதைத் தமிழில் உள்ளடக்கம் வைத்திருக்கும் எல்லோரும் படிக்க வேண்டும். எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கணினி எந்த பைட்டுகளாக வைக்கிறது என்ற முறை.

பழைய தளங்களில் பல, டேபிளின் மேல் 'லத்தீன்1' (ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியாக்கம்) என்று லேபிள் ஒட்டிவிட்டு, உள்ளே யூடிஎஃப்-8 (எல்லா மொழிக்குமான யூனிகோடு குறியாக்கம்) பைட்டுகளைப் போட்டு வைத்திருக்கும். மென்பொருளும் டேட்டாபேஸும் ஒரே பொய்யைச் சொல்லிக்கொள்வதால் திரையில் தமிழ் சரியாகத்தான் தெரியும். வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. புதிய பதிப்பு வந்து, லேபிளை நம்பி, லத்தீனிலிருந்து யூடிஎஃப்-8க்கு மாற்றுகிறேன் என்று கிளம்பும். அப்போது ஒவ்வொரு தமிழ் எழுத்தின் மூன்று பைட்டும் மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாகிவிடும். அதன் அடையாளம் இது: பக்கம் முழுக்க தலைமேல் சாய்கோடு போட்ட ரோமன் 'ஏ' திரும்பத் திரும்ப வரும். பக்கத்தில் பெரும்பாலும் வட்டத்துக்குள் இருக்கும் வணிகமுத்திரை 'ஆர்' நிற்கும். தமிழ் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே என்பதால்தான் அந்த 'ஏ' விடாமல் வருகிறது.

மாற்றுவதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 'தமிழ்' என்ற சொல் மட்டும் இருக்கும் ஒரு தலைப்பை எடுத்து, எத்தனை எழுத்து என்று டேட்டாபேஸையே கேளுங்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோடு கணக்கில் 5. பைட் கணக்கில் 15. எழுத்து எத்தனை என்ற கேள்விக்கு 5 வந்தால் லேபிள் உண்மை. 15 வந்தால் பொய்.

15 வந்தால் நேரடியாக மாற்றக் கூடாது. அந்த நெடுவரிசையை முதலில் வெறும் பைனரி வகையாக்க வேண்டும். அப்போது லேபிள் கழன்றுவிடும், பைட்டுகள் அப்படியே இருக்கும். பிறகு யூடிஎஃப்8எம்பி4 என்று புது லேபிள் ஒட்ட வேண்டும். பைட்டைத் தொடாமல் லேபிளை மட்டும் மாற்றுவதுதான் இதில் வேலை.

எம்பி4 ஏன் என்றால், மைஎஸ்க்யூஎல் வெறுமனே 'யூடிஎஃப்8' என்று சொன்னது மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு மூன்று போதும், அதனால் நமக்குக் குறை தெரியவில்லை. இமோஜிக்கு நான்கு வேண்டும். பழைய பதிப்பு, கண்டிப்பு முறை இல்லாத நிலையில், இமோஜி வந்த இடத்தில் வரியை வெட்டிவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த எல்லாவற்றையும் சத்தமில்லாமல் சேமிக்காமல் விட்டுவிடும். என் தளத்தில் ஒருவர் தன் அம்மாவைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை மூன்றாவது பத்தியில், ஒரு சொல்லுக்குப் பக்கத்தில், அப்படியே நிற்கிறது. அங்கே அவர் ஒரு சிரிப்பு முகம் போட்டிருக்கிறார். எந்த பேக்கப்பிலும் மீதி இல்லை, ஏனென்றால் மீதி உள்ளேயே போகவில்லை. அவரிடம் கேட்டேன், அவரிடமும் இல்லை. இதை எழுதும்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 12, காலை 9.30 – கேள்வி கேட்டவர்

15 வந்தது.

பிப்ரவரி 12, இரவு 9.00

நீங்கள் அப்டேட் பட்டனை அழுத்தாமல் கேட்டது எவ்வளவு நல்லது.

என் பழைய பேச்சில் ஒரு திருத்தம். வேறொரு இடத்தில், டம்ப் எடுக்கும்போது 'சிங்கிள் டிரான்சாக்ஷன்' போட்டால் தளத்தை நிறுத்தாமலே ஒரே கணத்துப் படம் கிடைக்கும் என்று உங்களுக்குச் சொல்லியிருந்தேன். மைஎஸ்க்யூஎல்லில் டேபிளைச் சேமிக்கும் வகைகள் உண்டு, அது இன்னோடிபி வகை டேபிள்களுக்கு மட்டும்தான். உங்களுடையது 5.5. இன்னோடிபியில் முழுச்சொல் தேடல் 5.6ல்தான் வந்தது. ஆகவே தேடலுக்குப் பயன்படும் உங்கள் பதிவு டேபிள் மைஐஎஸ்ஏஎம் என்ற பழைய வகையாகத்தான் இருக்கும். அதற்கு அந்த அமைப்பு எந்தப் பாதுகாப்பும் தராது. டம்ப் ஓடும்போது யாராவது எழுதினால் பாதி பழையது, பாதி புதியது என்று வரும். தினசரி பேக்கப்பில் டேபிள்களைப் பூட்டிவிட்டு எடுங்கள். இரவு இரண்டரைக்கு இருபது நிமிடம் எழுத முடியாமல் போனால் யாருக்கும் வலிக்காது.

பிப்ரவரி 15, மதியம் 3.20

பிஎச்பி பக்கம் சுருக்கமாக. பிஎச்பி 7 வந்தபோதே பழைய 'மைஎஸ்க்யூஎல்' ஃபங்ஷன்கள் மொத்தமாகப் போய்விட்டன. மையமான மென்பொருள் அதைச் சமாளித்திருக்கும், எட்டு வருடம் முன்னால் யாரோ எழுதித் தந்த பிளக்இன் சமாளித்திருக்காது. அதனால் எல்லா பிளக்இன்களையும் நிறுத்திவிட்டு மாற்றுங்கள், பிறகு ஒவ்வொன்றாக எழுப்புங்கள். முன்பு வெறும் எச்சரிக்கையோடு ஓடியவை 8ல் பக்கத்தையே நிறுத்தும். வெற்று மதிப்பைக் கொடுத்து எத்தனை உருப்படி என்று கேட்டால் 7.1 வரை பேசாமல் பூஜ்யம் தந்தது, 7.2 முணுமுணுத்தது, 8 நின்றேவிடுகிறது.

நீங்களே சேர்த்த டேபிள் எதற்காவது 'குரூப்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறீர்களா? நெடுவரிசைக்கு 'ரேங்க்' என்று? மைஎஸ்க்யூஎல் 8ல் இரண்டும் ஒதுக்கிவைத்த சொற்கள். மேற்கோள் குறிக்குள் போடாத இடமெல்லாம் பிழை காட்டும்.

பிப்ரவரி 22, இரவு 10.40

கேள்வி கேட்டவர் இரண்டு ஒத்திகை முடித்துவிட்டார். மொத்தம் 4 மணி 20 நிமிடம்: டம்ப் 20, ஏற்றம் 2.40, மாற்றும் படிகள் 50, சரிபார்ப்பு 30. இரவு 11க்குத் தொடங்கி 3.20க்கு முடிய வேண்டும், காலை 6க்குத் திறக்க வேண்டும். படங்களை முன்கூட்டியே கொண்டுபோய்விட்டு, அன்றிரவு மாறியதை மட்டும் அனுப்புவது என்று வைத்திருக்கிறார். டிஎன்எஸ் ஆயுளை (தளத்தின் பெயர் எந்த சர்வரைக் காட்டுகிறது என்ற பதிலை மற்ற கணினிகள் நினைவில் வைக்கும் நேரம்) இரண்டு நாள் முன்னாலேயே 300 நொடிக்குக் குறைக்கச் சொன்னேன், அன்றிரவு குறைத்தால் பழைய நீண்ட ஆயுள் முடியும்வரை சிலர் பழைய சர்வருக்கே போவார்கள். மூடியிருக்கும்போது வெறும் பக்கத்தைக் காட்டாமல் 503 என்ற நிலை எண்ணோடு காட்ட வேண்டும். அப்போதுதான் தேடுபொறிகள் இது தற்காலிகம் என்று புரிந்துகொள்ளும்.

ஒரு விஷயத்தை மட்டும் பகலில், தெளிவான தலையோடு, தாளில் எழுதச் சொல்லியிருக்கிறேன். எந்த மணிக்கு முடிந்திருக்காவிட்டால் திரும்பிவிடுவீர்கள்? அந்த மணியில் 'இன்னும் பத்து நிமிடம்' கிடையாது.

ஏன் முன்கூட்டியே என்றால், நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதை. 2012 ஆகஸ்ட் 1. எட்டு சர்வரில் புதிய நிரல் போட வேண்டும், ஏழில் போட்டார்கள், ஒன்று விட்டுப்போனது. அதில் வருடக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய நிரல் எழுந்து தாறுமாறாகப் பங்கு வாங்கி விற்றது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போனது. பலர் இதுவரைதான் சொல்வார்கள். நடுவில் இன்னொன்று நடந்தது. பதற்றத்தில், புதிய நிரல்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வரிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். அந்த ஏழிலும் பழைய நிரல் எழுந்துகொண்டது. திரும்பி வரும் வழியை ஒத்திகை பார்க்காதவர்களுக்கு அந்த வழியே பள்ளமாகிவிடுகிறது.

இன்னொரு எல்லையும் உண்டு. புதிய தளத்தைத் திறந்து, முதல் உறுப்பினர் முதல் வரியை எழுதிவிட்டால், பழையதற்குத் திரும்புவது அந்த வரியை அழிப்பது. ஆகவே 6 மணிக்குத் திறக்கும்வரைதான் திரும்புவது இலவசம். திறப்பதற்கு முன்னால் எத்தனை முறை வேண்டுமானாலும் யோசிக்கலாம்.

மார்ச் 2, காலை 5.10 – கேள்வி கேட்டவர்

முடியவில்லை. மாற்றும் படிகள் 2 மணிக்குத் தொடங்கின. 2.30 வாக்கில் 73 சதவீதத்தில் திரை நின்றுவிட்டது. தாளில் 4 மணி என்று எழுதியிருந்தேன். 4 வரை பார்த்தேன், 73தான். பழையதைத் திறந்துவிட்டேன். 4.06க்கு ஒருவர் உள்ளே வந்து பதில் எழுதினார். அவருக்கு ஒன்றும் தெரியாது. தூங்கப் போகிறேன்.

மார்ச் 2, காலை 7.00

மிகச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். இதைத் தோல்வி என்று யாரிடமும் சொல்லாதீர்கள். ஒரு வரிகூடப் போகவில்லை. லாக் கோப்புகளை அழிக்காமல் அனுப்புங்கள்.

மார்ச் 2, இரவு 11.15

லாக் பார்த்தேன். காரணம் நான்தான்.

2.30க்குப் புதிய சர்வரில் தினசரி பேக்கப் கிளம்பியிருக்கிறது. பழைய சர்வரின் கிரான் பட்டியலை அப்படியே கொண்டுவந்திருக்கிறார், நான் பிப்ரவரி 8ல் எடுத்துவரச் சொன்னபடி. அந்த ஸ்கிரிப்ட் டேபிள்களைப் பூட்டியிருக்கிறது, நான் 12ஆம் தேதி சொன்னபடி. மாற்றும் படி பூட்டுக்குப் பின்னால் காத்திருந்தது. அவர் அதைப் பிரவுசர் வழியாக ஓட்டியதால், வெப் சர்வர் பொறுமை இழந்து பக்கத்தைத் துண்டித்துவிட்டது. இருபது நிமிடத்தில் பூட்டு விலகியும், தொடர்வதற்குப் பக்கம் உயிரோடு இல்லை. ஒத்திகையில் ஏன் தெரியவில்லை? ஒத்திகை நகலில் கிரானை நிறுத்தச் சொன்னதும் நானே, 9ஆம் தேதி.

தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நல்ல யோசனை. மூன்றும் சேர்ந்தபோது என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒத்திகை என்றால் உண்மையான இரவில் எது எது விழித்திருக்குமோ அதுவும் விழித்திருக்க வேண்டும், மின்னஞ்சலைத் தவிர.

மார்ச் 3, காலை 8.25

படுத்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படியைத் திரும்ப ஓட்டியிருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும். ஆனால் மைஎஸ்க்யூஎல்லில் டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளைகளை மொத்தமாகத் திரும்பப்பெற முடியாது, ஒவ்வொன்றும் முடிந்த உடனே நிலைத்துவிடும். போஸ்ட்கிரெஸில் அவற்றையே ஒரு டிரான்சாக்ஷனுக்குள் வைத்து, தோற்றால் எல்லாவற்றையும் கழற்றலாம். அவர் கையில் இருந்தது பாதி மாறிய டேட்டாபேஸ். எந்தப் பாதி என்று அதிகாலை 4 மணிக்கு யாராலும் சொல்ல முடியாது. திரும்பியது சரிதான்.

அடுத்த முறை: கிரான் முழுதும் நிறுத்தம், மாற்றும் படிகள் பிரவுசரில் இல்லாமல் கட்டளை வரியில், அதுவும் இணைப்பு அறுந்தாலும் தொடரும்படி டிமக்ஸுக்குள்.

மார்ச் 16, காலை 6.20 – கேள்வி கேட்டவர்

3.05க்கு முடிந்தது. எண்ணிக்கை எல்லாம் ஒத்துப்போகிறது. 'தமிழ்' 5 என்கிறது. 6க்குத் திறந்தேன். பேக்கப்பைக் காலையிலேயே வேறு இடத்தில் ஏற்றிப் பார்க்கிறேன், இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 16, காலை 6.40

பழைய சர்வரை ஏப்ரல் முடியும்வரை அணைக்காதீர்கள். எழுத முடியாதபடி வைத்தால் போதும்.

ஏப்ரல் 4, இரவு 9.45

இன்று ஒரு உறுப்பினர் தன் படம் ஒன்றைக் காணவில்லை என்றாராம். கோப்பின் பெயர் 'கொடி'. புதிய சர்வரில் அந்த ஃபோல்டரில் 'கொடி' கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் தளம் இல்லை என்கிறது. இரண்டு மணி நேரம் இருவரும் பார்த்தோம்.

ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாகவும் போடலாம், முன்னால் ஒற்றைக் கொம்பும் பின்னால் காலுமாக இரண்டு குறியாகவும் போடலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, பைட்டுகள் வேறு. டேட்டாபேஸில் ஒரே குறி. சில படங்களை அவர் நேராக அனுப்பாமல் தன் பழைய மேக் கணினி வழியாக இறக்கி ஏற்றியிருக்கிறார். அதிலிருந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க், பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். கோப்பு எண்ணிக்கை ஒத்துப்போனது, மொத்த அளவும் ஒத்துப்போனது, பெயரின் பைட்டுகளை ஒப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒகரம், ஓகாரம், ஔகாரக் குறிகள் வரும் பெயர்கள் 41 இருந்தன. பழைய சர்வரிலிருந்து அந்த 41 படங்களையும் நேராக எடுத்துப் போட்டுவிட்டார். என் தளத்திலும் தேடிப் பார்த்தேன். மூன்று இருக்கின்றன. என் பழைய சர்வரை நான் போன வருடமே அணைத்துவிட்டேன். பெயரைத் திரும்பச் சேர்த்து எழுதும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன், நாளை நகலில் ஓட்டிப் பார்த்துவிட்டு இங்கே போடுகிறேன்.